32 டிகிரிதானே என்று சொல்லாதீர்கள்: குமரி மாவட்டக் கோடை, கேள்வி பதில்

திருவட்டார் பக்கம் எனக்கு ரப்பர், தென்னை, கொஞ்சம் வாழை. திண்ணை ஓரத்தில் நிழலில் இரண்டு தெர்மாமீட்டர் தொங்குகின்றன, அதில் ஒன்றின் குமிழில் ஈரத்திரி சுற்றியிருக்கும். தினமும் இரண்டையும் பார்த்து நோட்டில் எழுதி வைப்பது பல வருஷப் பழக்கம், வீட்டில் இதற்குக் கேலியும் உண்டு. அதை வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

நாகர்கோவில், பெங்களூரில் வேலை: அண்ணே, லீவுக்கு வந்திருக்கிறேன். திருநெல்வேலியில் 38 என்கிறார்கள், இங்கே 32தான். ஆனால் நெல்லையில் இறங்கினபோது இல்லாத அவஸ்தை இங்கே. பிரமையா?

பிரமை இல்லை தம்பி. வியர்த்தால் மட்டும் உடம்பு குளிராது, வியர்வை காய்ந்தால்தான் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது எங்கே போய்க் காயும்? 32 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்குச் சுமார் 43 மாதிரி இருக்கும். 38 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தாலும் கணக்கு அதே 43தான். அதாவது நெல்லைக்காரர் 38இல் படுவதை நாம் 32இலேயே பட்டுவிடுகிறோம், ஆனால் டிவியில் அவர்கள் பெயர்தான் வரும். இதுவும் நிழலுக்கான கணக்கு, வெயிலில் நின்றால் இன்னும் ஏழெட்டு டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பெங்களூர் குளிரில் இருந்து வந்த உடம்புக்கு இந்த ஊர் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். வந்த மறுநாளே அப்பாவுக்கு ஒத்தாசை என்று மண்வெட்டியைத் தூக்காதீர்கள்.

தோவாளை: போனில் 33 காட்டுகிறது. என் பூந்தோட்டத்தில் தெர்மாமீட்டரை வைத்தால் 41. எது பொய்?

இரண்டும் உண்மை. வானிலை நிலையத்தில் காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் வைத்து அளக்கிறார்கள், அது காற்றின் சூடு. நீங்கள் அளந்தது வெயில்பட்ட தெர்மாமீட்டரின் சூடு. தோட்டத்தில் குனிந்து பூப்பறிக்கிறவர் முதுகுக்கு உங்கள் 41தான் பக்கத்தில் வரும். ஆனால் நீங்கள் கொடுத்துவைத்தவர், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உங்களுக்கு உண்டு. நாங்கள் ரப்பர் காட்டுக்குள் இலை அசையாமல் கிடக்கிறோம்.

ஆர்வம் இருந்தால் இன்னொரு தெர்மாமீட்டர் வாங்கி, குமிழில் பருத்தித் துணித்திரியைச் சுற்றி, மறு நுனியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுங்கள். காய்ந்தது 32, ஈரமானது 28 என்றால் ஈரப்பதம் கிட்டத்தட்ட முக்கால் பங்கு. நான் பார்ப்பது அந்த ஈரமான நம்பரைத்தான். அது 28ஐத் தாண்டினால் என் தோட்டத்தில் பகல் பத்தரைக்கு மேல் கனத்த வேலை கிடையாது. 35ஐத் தொட்டால் நிழலில் சும்மா இருப்பவர் உடம்பாலேயே சூட்டை வெளியே தள்ள முடியாது என்பது விஞ்ஞானிகள் சொல்லும் எல்லை. வேலை செய்கிறவருக்கு ஆபத்து அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடும்.

மார்த்தாண்டம்: அக்னி நட்சத்திரம் வரப்போகிறதே, அதற்கு முன் வேலைகளை முடித்துவிடவா?

அது நெல்லைக்கும் மதுரைக்கும் அந்தப் பக்கத்துக்கும் பொருந்தும். நமக்கு உச்சம் மார்ச், ஏப்ரல்தான், பழைய ஆட்களின் மலையாள மாதக் கணக்கில் மீனமும் (பங்குனி) மேடத்தின் (சித்திரை) தொடக்கமும். அக்னி நட்சத்திரம் வரும் மே மாதத்துக்குள் சாயங்கால மழை ஆரம்பித்துவிடும், டிகிரி கொஞ்சம் இறங்கும், புழுக்கம் மட்டும் அப்படியே நிற்கும். நீங்கள் பயப்பட வேண்டிய நாட்கள் ஏற்கெனவே பாதி போய்விட்டன.

குளச்சல்: நல்ல பெரிய ஏர் கூலர் ஆஃபரில் வந்திருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கும், அந்த ஈரத்திரி காட்டும் அளவுக்குக் கீழே அதனால் போகவே முடியாது. மதுரையில் பிரமாதமாக இருக்கும். கடற்கரையில் உங்கள் அறைக்குள் ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டும், மெத்தை பிசுபிசுக்கும். அந்தக் காசுக்கு நல்ல மின்விசிறி ஒன்றும், எதிரெதிராக இரண்டு ஜன்னலும் போதும்.

தக்கலை: பகலை எப்படியோ ஓட்டிவிடுகிறோம் சார், ராத்திரிதான் தூக்கமே இல்லை. ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் போட்டது தப்போ?

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, நானும் போட்டிருக்கிறேன். கான்கிரீட் பகலெல்லாம் சூட்டைக் குடித்து, ஏழு மணியிலிருந்து நடுராத்திரி வரை நம் தலையில் துப்பும். போதாததற்கு ஈரக்காற்று கம்பளி மாதிரி தரையின் சூட்டை வெளியே விடாது. மாடியில் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது தென்னை ஓலை முடைந்து நிழல் போடுங்கள். வெயில் மேலே படாமல் தடுப்பதுதான் முக்கியம், சூடானபிறகு தண்ணீர் ஊற்றுவது இரண்டாம் பட்சம். உங்களுக்குப் பத்மநாபபுரம் அரண்மனை நடந்து போகும் தூரம், ஒரு மதியம் போய் உள்ளே நின்று பாருங்கள். சரிந்த ஓட்டுக்கூரை, நீண்ட தாழ்வாரம், வெயிலை விடாமல் காற்றை மட்டும் விடும் மரச்சட்ட ஜன்னல். ஏசி இல்லாத காலத்து மூளை அது.

இரணியல், மகள்: அப்பாவுக்கு 68 வயது. சொன்னால் கேட்காமல் பதினொரு மணி வரை வாழைத்தோட்டத்தில் நிற்கிறார். எதைக் கவனிக்க வேண்டும் அண்ணா?

என் கதையைச் சொல்கிறேன், அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ஒரு ஏப்ரல் மாதம், காலை பத்தே முக்கால். தெர்மாமீட்டரில் 32தான். குலை தள்ளிய ஏத்தன் வாழைகளுக்கு ஊன்றுகம்பு கட்டிக்கொண்டிருந்தேன், காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும் நிலை. முதலில் கெண்டைக்கால் பிடித்தது, பொருட்படுத்தவில்லை. அப்புறம் கயிற்றில் முடிச்சுப் போட வரவில்லை. ஆயிரம் முறை போட்ட முடிச்சு, கை மறந்துவிட்டது. கூட நின்ற தம்பி என்னவோ கேட்க, நான் சம்பந்தமில்லாமல் மாட்டைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறேன். எனக்கு அது நினைவே இல்லை. அவன் ஒரு நொடி யோசிக்காமல் என்னைத் தென்னை நிழலுக்கு இழுத்துப்போய், சட்டையைக் கழற்றி, கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி, ஓலையால் வீசினான். அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

கவனிக்க வேண்டியது அதுதான் மோளே, பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது. "வியர்க்கிறதே, அப்போ ஒன்றுமில்லை" என்று விட்டுவிடாதீர்கள், வேலை செய்யும்போது வரும் வெயில்தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கும். அந்த நிலைமையில் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, புரையேறும். 108க்குப் போன் போடுங்கள், வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். முதலில் குளிரவைப்பது, அப்புறம்தான் ஆஸ்பத்திரிப் பயணம்.

சாதாரண நாளில் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரைப் போல ஒன்று கிடையாது. ரொம்ப வியர்த்திருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், தலை தட்டி அளந்து. அக்கானி (பதநீர்), நுங்கு எல்லாம் நல்லதுதான், சர்க்கரை வியாதி இருந்தால் அக்கானியில் மட்டும் கொஞ்சம் கை அடக்கம். பிரஷருக்கோ இருதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் உப்பு விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரை வயலுக்குப் போகாதே என்று தடுக்க முடியாது, எனக்குத் தெரியும். ஐந்தரைக்கே போகச்சொல்லுங்கள், தனியாக விடாதீர்கள்.

பூதப்பாண்டி: ஜெர்சி கலப்புப் பசு, மதியம் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. பாலும் குறைந்துவிட்டது. தண்ணீர் தெளிக்கிறேன், பலனில்லை.

விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 80ஐத் தாண்டினால் அதற்குத் தாங்கவில்லை என்று அர்த்தம். காற்று வராத தொழுவத்தில் தண்ணீர் மட்டும் தெளித்தால் உள்ளே இன்னும் புழுங்கும், மாட்டுக்கும் அதே வியர்வைக் கதைதான். நன்றாக நனைத்துவிட்டு மின்விசிறி போடுங்கள், இல்லையென்றால் மரத்தடியில் காற்றோட்டமாகக் கட்டுங்கள். வைக்கோல் வயிற்றில் செரிக்கும்போது அதுவே சூடு கிளப்பும், அதனால் பெரிய பங்கை ராத்திரிக்கு மாற்றுங்கள். தொட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், வெயில்பட்டுச் சுடுகிற தண்ணீரை மாடு தொடாது.

குலசேகரம்: ரப்பர் வெட்டுகிறேன். நாலு மணிக்குப் போனாலும் ஏழுக்கெல்லாம் பால் நின்றுபோகிறது. மரத்தில் கோளாறா?

மரம் தன் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். விடியும்முன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் தள்ளிக்கொண்டு வரும். வெயில் ஏறி இலை நீரை விடத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கி, வெட்டுவாயிலேயே பால் கட்டிக்கொள்ளும். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து தளிர்க்கிற மரத்துக்கு ஓய்வு கொடுத்தீர்களா? சிரட்டை நிறையவில்லை என்று ஆழமாகவோ அடிக்கடியோ வெட்டினால் அப்புறம் பட்டையே மரத்துப்போய் ஒட்டுப்பாலுக்கும் வழியிருக்காது. இளங்கன்று இருந்தால் தண்டில் சுண்ணாம்பு பூசுங்கள், மேற்கு வெயில் பட்டையைச் சுட்டுவிடும்.

திங்கள்சந்தை: தென்னையில் குரும்பை கொட்டுகிறது. கீழ் ஓலையெல்லாம் கரி பூசினதுபோல் கருப்பு.

கருப்பு என்பது சுருள் வெள்ளை ஈயின் வேலை. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டுபிடித்தது, இப்போது எல்லார் தோப்பிலும் இருக்கிறது. கோடையில்தான் பெருகும். அது கழிக்கும் தேன்போன்ற திரவத்தின்மேல் வளரும் பூஞ்சைதான் அந்தக் கரி. ஓலையின் அடிப்பக்கம் படும்படி மோட்டார் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்கள், கருப்புக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துத் தெளித்தால் காய்ந்து செதிலாக உதிரும். கடைக்காரர் எடுத்து நீட்டும் கடும் மருந்து வேண்டாம், ஈயைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து செத்துவிடும். குரும்பை கொட்டுவதற்குத் தண்ணீர்க் குறைவு ஒரு காரணம். கதம்பையை (தேங்காய் மட்டையை) வட்டப்பாத்தியில் கவிழ்த்து அடுக்கி மூடாக்குப் போடுங்கள். இந்த வருஷ வறட்சி காயில் இரண்டு வருஷம்வரை தெரியும், அதனால் மழை வந்ததும் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள்.

சுசீந்திரம்: கன்னிப்பூ நெல்லுக்கு இன்னும் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரவில்லை. பூக்கும் நேரத்தில் வெயில் பட்டால் பதராகுமா?

பூக்கிற நேரத்தில் 35க்கு மேல் போனால் பதர் விழும், உண்மை. ஆனால் கன்னிப்பூ பூக்கையில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தணிந்து காற்றும் மேகமுமாக இருக்கும், அந்தக் கவலை வேண்டாம். அணை பெரும்பாலும் ஜூனில்தான் திறப்பார்கள். அதுவரை கோடை மழை ஈரத்தில் ஒரு உழவு போட்டு மண்ணைப் புரட்டிவிடுங்கள், களையும் கூட்டுப்புழுவும் காய்ந்து சாகும். பொடிவிதை (காய்ந்த மண்ணில் நேரடி விதைப்பு) போடுவதாக இருந்தால் ஒரு மழையை நம்பிப் போடாதீர்கள், முளைத்தபின் பத்து நாள் காய்ந்தால் போச்சு. ரகம் பற்றித் திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள், பக்கம்தானே.

அருமனை: மதியம் காற்றே இல்லாமல் அவிந்தால் சாயங்காலம் மழை நிச்சயம் என்று பாட்டி சொல்கிறார். சரியா அண்ணாச்சி?

பாதிக்கு மேல் சரி. கடற்காற்று ஈரத்தைச் சுமந்துவந்து மலையில் முட்டி மேலே ஏறும், இரண்டு மூன்று மணிக்கு மேகம் கோபுரமாக நிற்கும், நாலு மணிவாக்கில் கொட்டும். உங்கள் ஊர் மலையடிவாரம், உங்களுக்குப் பலிக்கும். இதே புழுக்கத்தில் கன்னியாகுமரிக்காரர் குடையோடு நின்றால் ஏமாந்துபோவார். கிழக்கே மேகம் கறுத்து முதல் இடி கேட்டதும் தென்னை மூட்டில் நிற்காதீர்கள், வீட்டுக்குள் போய்விடுங்கள். மழைக்கு முன்னே வருகிற காற்று குலை தள்ளிய வாழையைத்தான் முதலில் சாய்க்கும், ஊன்றுகம்பைக் காலையிலேயே கட்டிவிடுங்கள்.

இங்கே இப்போது மணி இரண்டே கால், காய்ந்தது 32.5, ஈரம் 28.5, பேச்சிப்பாறைப் பக்கம் கறுக்கிறது. துணி எடுக்கப் போகிறேன், மற்ற கேள்விகள் ராத்திரி.