ஓஎஃப்டிஎம் ரிசீவரில் கான்ஸ்டலேஷன் வட்டமடிக்கிறது, டாப்ளர்தான் காரணமா?

கேட்டவர் மதுரையில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்கிறார். ஓஎஃப்டிஎம் என்பது தரவைப் பல சிறு அலைகளில் (சப்கேரியர்) பிரித்து அனுப்பும் முறை; கான்ஸ்டலேஷன் என்பது வந்து சேர்ந்த மதிப்புகளின் புள்ளிப் படம். சிமுலேஷனில் சுத்தமாக ஓடியது, இரண்டு எஸ்டிஆர் (மென்பொருள் ரேடியோ) போர்டில் ஏற்றியதும் சுற்றுகிறதாம். லேப் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருப்பதால் டாப்ளர் (நகர்வால் அலைவெண் மாறுவது) மேல் சந்தேகம்.

டாப்ளர் இல்லை. 110 கிமீ வேகத்தில் ஓடும் ரயிலுக்குள்ளேயே ரிசீவரை வைத்தாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் 245 ஹெர்ட்ஸ்தான் நகரும். கோளாறு, போர்டுக்கு அலைவெண் தரும் கிரிஸ்டலில். இரண்டு போர்டும் ஆளுக்கு 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) எதிரெதிராக விலகினால் 96 கிலோஹெர்ட்ஸ். 20 மெகாஹெர்ட்ஸ், 64 புள்ளி வைஃபை அமைப்பில் சப்கேரியர் இடைவெளியே 312.5 கிலோஹெர்ட்ஸ்தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளிப்போனால் பக்கத்து சப்கேரியர் உள்ளே கசியும். அதை, சப்கேரியரைத் தனித்தனியாகச் சரிசெய்யும் சாதாரண ஈக்வலைசரால் பிரிக்க முடியாது. ஆகவே சப்கேரியர்களைப் பிரிக்கும் கணக்கான எஃப்எஃப்டிக்கு முன்பே திருத்த வேண்டும்.

16 சாம்பிளுக்கு ஒருமுறை திரும்பி வரும் குட்டிப் ப்ரீஆம்பிளில் (பாக்கெட்டின் தலையில் வரும் தெரிந்த சிக்னல்) முதல் இரண்டு மூன்று சுற்றை விட்டுவிடுங்கள், ஏஜிசி (சிக்னல் அளவைத் தானாகச் சரிசெய்யும் பகுதி) அப்போதுதான் நிலைக்கு வரும். மீதியில் ஒவ்வொரு சாம்பிளின் காஞ்சுகேட்டையும் (கற்பனைப் பகுதியின் குறி மாற்றியது) 16 தள்ளியுள்ள சாம்பிளோடு பெருக்கிக் கூட்டுங்கள். கிடைக்கும் கோணத்தை 2 பை × 0.8 மைக்ரோவினாடியால் வகுத்தால் விலகல் ஹெர்ட்ஸில் வரும். ±625 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கும், துல்லியம் சுமார்தான். அதைத் திருத்திவிட்டு அடுத்து வரும், ஒரே 64 சாம்பிள் இரண்டு முறை வரும் நீளப் ப்ரீஆம்பிளில் இதையே மறுபடி செய்யுங்கள். நேராக இரண்டாவதுக்குத் தாவினால் 2.4இல் தப்பிக்கலாம், அதன் எல்லை ±156 கிலோஹெர்ட்ஸ். அதே 20 பிபிஎம் கணக்கில் 5.8 கிகாஹெர்ட்ஸில் வரும் 232 கிலோஹெர்ட்ஸ் விலகலை −80 என்று சொல்லும்.

டிசி கசிவு (சிக்னலோடு ஒட்டிக்கொள்ளும் மாறாத மதிப்பு) இருந்தால் கணிப்பு பூஜ்ஜியத்தின் பக்கம் இழுபடும். பாக்கெட் வருமுன் உள்ள வெற்று நேரத்தில் சராசரி எடுத்துக் கழித்துவிடுங்கள்.

திருத்திய சிக்னலில் மறுபடி அளந்து பாருங்கள். விலகல் இரட்டித்திருந்தால் குறி மாறிவிட்டது. சுழற்றும் கோணத்தைச் சிம்பலுக்குச் சிம்பல் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதுதான் எல்லோரும் விழும் குழி: கசிவு நின்றிருக்கும், ஆனால் 96 கிலோஹெர்ட்ஸுக்கு ஒவ்வொரு சிம்பலும் 138 டிகிரி குதிக்கும். சாம்பிள் எண்ணிக்கை பாக்கெட் முடியும்வரை அறுபடாமல் ஓட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் 1 கிலோஹெர்ட்ஸ் மிச்சமிருந்தால் 4 மைக்ரோவினாடிச் சிம்பலுக்கு 1.44 டிகிரி. 30 சிம்பலில் 43 டிகிரி ஆகிவிடும், நான்கு புள்ளி கொண்ட கியூபிஎஸ்கே தாங்குவது 45. பாக்கெட்டின் முன்பாதி சரி, பின்பாதி குப்பை என்றால் இதுதான். −21, −7, 7, 21 எண் சப்கேரியர்களில் வரும் பைலட்டுகளில் (மதிப்பு முன்பே தெரிந்தவை) சராசரிக் கோணம் எடுத்து ஒவ்வொரு சிம்பலையும் திருப்புங்கள். ஓரப் பைலட்டுகள் மட்டும் எதிரெதிர்ப் பக்கம் விலகிக்கொண்டே போனால் அது சாம்பிளிங் கிளாக்கின் விலகல்.

ஏசி லேப்பில் அளந்த எண்ணைக் கோடில் எழுதி வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் அதே கிரிஸ்டல் வேறு கணக்குச் சொல்லும். பாக்கெட்டுக்குப் பாக்கெட் புதிதாக அளக்க வேண்டியதுதான்.