வட்டக்கச்சி வீட்டை நாள் வாடகைக்கு விடலாமா?

கேள்வி: நான் ஆசிரியை. கிளிநொச்சி வட்டக்கச்சியில் அப்பாவின் வீட்டில் குடியிருக்கிறோம். விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்களுக்கு இரண்டு அறைகளை ஏர்பிஎன்பி இணையத்தளம் மூலம் கொடுக்க யோசனை. என்ன அனுமதி, என்ன வரி?

பதில்: முதலில் காணிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஏசி பூட்டுவதெல்லாம் அப்புறம். வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகள் பெரும்பாலும் உறுதிக் காணிகள் (முழுச் சொந்தமான தனியார் காணிகள்) அல்ல. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் (அரச அனுமதிப் பத்திரம்) காணிகள், அல்லது அளிப்புப் பத்திரக் (கிராண்ட்) காணிகள். பெர்மிட் குடியிருக்கவும் பயிர் செய்யவும் என்று கொடுத்தது. அதில் தொழில் நடத்துவதற்குப் பிரதேச செயலகக் காணிக் கிளையில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். வாய்ப் பேச்சில் "பிரச்சினை இல்லை" என்று சொன்னால் போதாது. அப்பா காலமாகிவிட்டார், பெர்மிட் இன்னும் அவர் பெயரில்தான் என்றால், பின்னுரித்தாளர் (அவருக்குப் பின் காணியைப் பெறுபவர்) பதிவை முடிக்காமல் அடுத்த அலுவலகத்துக்கு அலைவதில் பயனில்லை.

காணி சரியென்றால் மற்றது பெரிய சிக்கலில்லை. நீங்களே அங்கு குடியிருப்பதால் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் 'ஹோம்ஸ்டே' என்று பதியலாம். பிறகு நீங்கள் யாழ்ப்பாணம் மாறி, வீட்டை முழுதாகக் கொடுத்தால் அது வேறு வகை. பதியும்போது அங்கீகரித்த கட்டட வரைபடம் கேட்பார்கள். போருக்குப் பின் வீட்டுத்திட்டத்தில் கட்டி, பிறகு அறை கூட்டிய வீடுகள் இங்கேதான் மாட்டுப்படுகின்றன. கூட்டிய பகுதிக்குப் பிரதேச சபை அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். வியாபார உரிமமும் அதே சபையில்தான். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

வரிக்கு வருவோம். சம்பளத்துக்கு ஒன்று, வீட்டு வருமானத்துக்கு ஒன்று என்று இரண்டு வரி விலக்கு கிடையாது. 2025 ஏப்ரல் முதல் இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாதான். சம்பளம் 12 இலட்சம், செலவு கழித்து அறைகளில் 8 இலட்சம் என்றால், மிஞ்சும் 2 இலட்சத்துக்கு 6 வீதம்: 12,000 ரூபா. மின்சாரம், சலவை, ஏர்பிஎன்பி தரகு எல்லாம் கழிக்கலாம், பற்றுச்சீட்டு இருந்தால்தான். டின் (வரி செலுத்துவோர் அடையாள) இலக்கம் இல்லையென்றால் இப்போதே எடுங்கள். மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கான வருமான வரி விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும். வற் வரியை (பெறுமதி சேர் வரி) நினைத்துப் பயப்பட வேண்டாம், இரண்டு அறை வருமானம் அதற்குப் பதிய வேண்டிய எல்லையை எட்டாது.

இன்னொன்று. வருகிறவர் சொந்த ஊர்க்காரராக இருந்தாலும் இரட்டைக் குடியுரிமை இல்லாமல் கனடாக் கடவுச்சீட்டு மட்டும் என்றால் வெளிநாட்டவர்தான். கடவுச்சீட்டைப் பிரதி எடுத்து, வருகைப் புத்தகத்தில் பதியுங்கள்.