8.5-ஐ 12-ஆல் வகுத்தால் 0.7 இல்லை

கேள்வி: 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கப் போகிறேன். வட்டி 8.5%, தவணைக் காலம் 20 வருடம். மாத வட்டி 0.7% என்று வைத்து நானே கணக்குப் போட்டேன். இஎம்ஐ 25,845 ரூபாய் வந்தது. வங்கியோ 26,035 ரூபாய் என்கிறது. கேட்டால், "சிஸ்டம் போட்ட கணக்கு சார்" என்கிறார்கள். மாதம் 190 ரூபாய் கூடுதலாகப் பிடிக்கிறார்களா?

பதில்: இல்லை. வங்கிக் கணக்கு சரி. நீங்கள் போட்டுப் பார்த்தது வேறொரு கடனின் கணக்கு.

0.7-ஐ 12-ஆல் பெருக்கிப் பாருங்கள், 8.4 வரும். 8.5-ஐ 12-ஆல் வகுத்தால் கிடைப்பது 0.708333... என்று முடியாமல் போகும் எண். அதன் வாலை வெட்டியபோதே ஆண்டு வட்டியில் 0.1% குறைந்துவிட்டது. 0.71 என்று வைத்தாலும் தப்புதான், அது 8.52% கடன், இஎம்ஐ 26,073 ஆகிவிடும். 0.7083 என்று நான்கு தசம இடம் வைத்திருந்தால் 26,034 வந்திருக்கும், வங்கியோடு சண்டையே இல்லை.

190 ரூபாய்தானே, 240 மாதத்துக்கு 45,600 ரூபாய் என்று நினைக்க வேண்டாம். 8.5% கடனுக்கு மாதம் 25,845 மட்டும் கட்டி வந்தால், 20 வருடம் முடியும்போது ஏறக்குறைய 1.19 லட்சம் ரூபாய் பாக்கி நிற்கும். குறைவாகக் கட்டிய ஒவ்வொரு 190-க்கும் வட்டி ஏறி, அந்த வட்டிக்கும் வட்டி ஏறியிருக்கும்.

பெரிய இடங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982-ல் 1000 புள்ளிகளில் ஒரு குறியீட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் மூன்றாவது தசம இடத்துக்குப் பிறகு வந்ததை முழுமையாக்காமல் (ரவுண்ட் செய்யாமல்) அப்படியே வெட்டிவிட்டார்கள். 1983 நவம்பரில் குறியீடு 524 காட்டியது. திருத்திப் போட்டால் 1098!

அதற்காகப் பைசா பைசாவாகப் பயப்படவும் தேவையில்லை. கணக்கின் நடுவில் முழுமையாக்குவதுதான் ஆபத்து. கடைசி விடையில் செய்தால் பெரிய பாதிப்பு இல்லை. துல்லியமான இஎம்ஐ 26,034.70 ரூபாய். வங்கி அதை 26,035 ஆக்குகிறது. அந்த 30 பைசா எங்கும் போகாது, அசலில் கழியும். கடைசித் தவணை சுமார் 190 ரூபாய் குறைவாக இருக்கும். வீட்டு பட்ஜெட்டில் தாராளமாக 26,500 என்றே எழுதிக்கொள்ளுங்கள். மாறும் வட்டிக் கடன் என்றால், ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் நகரும்போது இந்தக் கணக்கே மாறத்தான் போகிறது.

இனி கால்குலேட்டரில் போடும்போது நடுவில் வரும் எண்ணைத் தாளில் எழுதி மறுபடி அடிக்காதீர்கள். மெமரியில் வைத்துத் தொடருங்கள். எக்செல் இருந்தால் பிஎம்டி (PMT) ஃபார்முலாவில் வட்டிக்கான இடத்தில் 8.5%/12 என்றே கொடுத்துவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். முதல் முழு மாதத்தில் வட்டி 21,250, அசல் 4,785 என்று இருக்க வேண்டும். நாள் கணக்கில் வட்டி போடும் வங்கியாக இருந்தால் 31 நாள் மாதத்துக்கு வட்டி 21,658 என்று காட்டும். 28 நாள் பிப்ரவரி என்றால் 19,562. இரண்டுமே சரிதான். இந்த எண்களுக்குச் சம்பந்தமே இல்லாமல் வேறு ஏதாவது இருந்தால் மட்டும் மேனேஜரிடம் விளக்கம் கேளுங்கள்.