அபாத்திரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இரட்சிக்கப்பட்டு நான்கு வருடம் ஆகிறது. குடியை விட்டேன், கோபம் மட்டும் போகவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் மனைவியை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அதிலிருந்து சபையில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுப்பதில்லை. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசித்தால் ஆக்கினைத்தீர்ப்பு என்று வேதம் சொல்கிறதே. தேவனால் பிறந்தவன் பாவஞ்செய்யான் என்றும் யோவான் நிருபத்தில் இருக்கிறது. அப்படியானால் நான் இரட்சிக்கப்படவே இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் பாவம், உங்கள் பயம், உங்கள் இரட்சிப்பு எல்லாம் இருக்கிறது. உங்கள் மனைவி ஒரே வரியில் வந்து போய்விடுகிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? அப்பத்தை ஒதுக்கியதை எழுதத் தெரிந்த உங்களுக்கு இதை எழுதத் தோன்றவில்லையே தம்பி. முதலில் போய்க் கேளுங்கள். இனி எந்தக் காரணத்துக்காகவும் கை ஓங்காதீர்கள்.

யோவான் நிருபத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 'நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்' என்பதும் அதே நிருபம்தான். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், போதும்.

அபாத்திரம் என்ற சொல்தான் என்னைப் பல நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. கொரிந்து சபையில் திருவிருந்து ஒரு முழுச் சாப்பாட்டோடு சேர்ந்தே நடந்தது. வசதியானவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்' என்று அந்தச் சபைக்கு எழுதிய நிருபத்தில் கண்டிக்கிறார் அப்போஸ்தலர் பவுல். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். அந்தக் கோபத்தின் தொடர்ச்சியாகத்தான் அபாத்திரம் வருகிறது. பரிசுத்தம் போதாதவன் எழுந்து போகட்டும் என்று அவர் சொல்லவே இல்லை. தன்னைச் சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்கிறார். 'ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்' என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை மறந்து சாப்பிடுவதுதான் அங்கே குற்றம்.

சீடர் பேதுருவைப் பாருங்கள். கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரை மறுதலித்தவர். உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் மறுபடியும் ஒரு கரிநெருப்பின்மேல் மீனை வைத்துக்கொண்டு, 'வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்' என்கிறார். என்னை நேசிக்கிறாயா என்ற கேள்வியெல்லாம் சாப்பிட்ட பிறகுதான். சரி, அதோடு பேதுரு திருந்திவிட்டாரா? பல வருடம் கழித்து அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுவந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூதர் சிலர் வந்ததும் பயந்துபோய் விலகிக்கொண்டார். அப்போஸ்தலர், பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கித்தவர், மறுபடியும் பயத்தால்தான் விழுகிறார். பவுல் முகமுகமாய் எதிர்த்தார். நீ இரட்சிக்கப்படவே இல்லை என்று சொல்லவில்லை. அந்த மனிதர்களோடு உட்கார மறுத்ததற்காகத்தான் சண்டை போட்டார்.

நம் பக்கத்திலும் அந்தியோகியா உண்டு. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் ஏராளமானோர் விலகிப் போனார்கள். கோபத்துக்கும் குடிக்கும் உபவாசம் இருக்கிற நாம் இதை எந்த ஜெபத்தில் அறிக்கையிடுகிறோம்?

என் பெரியப்பா திருவிருந்து ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பார். பனை பங்கீட்டில் அப்பாவோடு தகராறு. தம்பியை ஊர் நடுவில் வைத்துக் கேவலமாகப் பேசிவிட்டதால் தனக்குத் தகுதியில்லை என்று பதினொரு வருடம் அப்படியே நின்றார். பெரிய பக்தி என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். அந்தப் பதினொரு வருடத்தில் ஒருநாள்கூட எங்கள் வீட்டுப் படியேறவில்லை. ஒரு கிறிஸ்துமஸ் அன்று அப்பா பீடத்துக்குப் போகிற வரிசையிலிருந்து விலகி, செருப்பை மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசாமல் நின்றார்கள். அன்று இருவருமே அப்பம் வாங்கவில்லை. மத்தியானம் பெரியப்பா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அம்மா இரண்டாம் தடவை குழம்பு ஊற்றியபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.