'சுராங்கனி' பாட்டில் வரும் 'மாலு' யார்? ராமேஸ்வரம் பக்கம் ஏன் இன்னும் அதைப் பாடுகிறார்கள்?

மாலு ஆளில்லை, மீன். சிங்களத்தில் மீனுக்கு அதுதான் பெயர். சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த கதைதான் பல்லவி. மீன் கூடையோடு வாழும் பாம்பன்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான காதல் பாட்டு ஏது?

பாடியவர் சிலோன் மனோகர், அதாவது ஏ.இ.மனோகரன். சினிமாவில் வில்லனாகவும் வந்தார், 2018-இல் காலமானார். வேறு பாட்டுகளும் பாடியவர்தான், ஆனால் இங்கே யாரைக் கேட்டாலும் இந்த ஒன்றைத்தான் சொல்வார்கள்.

ஆட வைப்பது பைலா தாளம். போர்த்துக்கீசியர் வழியாக இலங்கைக்கு வந்தது. பெயரே 'ஆடுவது' என்ற அவர்கள் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

அப்புறம், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான் கடல். இலங்கை வானொலி எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரில் கணீரென்று கேட்கும். அப்பா கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே கால் கட்டைவிரலால் தாளம் போடுவார்.