கம்போடியா ஹோம்ல ரெண்டு வாரம் வாலண்டியர் பண்ண பொண்ண அனுப்பலாமா?

மேடம், நீங்க அனுப்புன ப்ரோஷர் முழுசா படிச்சேன். சியெம் ரீப்ல ஆதரவற்ற குழந்தைங்க ஹோம், ரெண்டு வாரம், காலைல இங்கிலீஷ் கிளாஸ், சாயங்காலம் விளையாட்டு, கடைசில அங்கோர் வாட் சுத்திக் காட்டி ஒரு சர்ட்டிஃபிகேட். பொண்ண தனியா அனுப்பினா சேஃபா, அமெரிக்கா காலேஜ் அப்ளிகேஷனுக்கு இது உதவுமான்னு கேட்டிருந்தீங்க.

ரெண்டாவதுக்கு பதில் சுலபம், அத முதல்ல முடிச்சிடுறேன். பெருசா உதவாது. காமன் ஆப்ல, அதாவது நிறைய அமெரிக்கா காலேஜுக்கு ஒரே இடத்துல அப்ளை பண்ற ஆன்லைன் ஃபார்ம்ல, ஒரு ஆக்டிவிட்டிய விளக்க 150 கேரக்டர் தான் இடம், அதுக்குப் பக்கத்துலயே வாரத்துக்கு எத்தன மணி நேரம் வருஷத்துக்கு எத்தன வாரம்னு கேப்பாங்க, அந்த வாரக் கட்டத்துல நீங்க 2ன்னு தான் போடணும். படிக்கிறவருக்கு முதல்ல தோணப்போறது இவங்க வீட்ல வசதி இருக்குன்னு. 2016ல ஹார்வர்ட் எஜுகேஷன் ஸ்கூல்லருந்து ஒரு ரிப்போர்ட் வந்துச்சு, டர்னிங் த டைட்னு, நிறைய அட்மிஷன் ஆஃபீஸர்ஸ் ஆதரிச்சாங்க, தூர தேசம் போய் செய்யற சர்வீஸ விட ஒரு வருஷமாவது விடாம செய்யற வேலை, வீட்ல தம்பி தங்கச்சிய பாத்துக்கறது, பார்ட் டைம் வேலைக்கு போறது இதுக்கெல்லாம் மதிப்பு குடுக்கணும்னு தான் அதோட சாரம்.

இப்ப சேஃப்டிக்கு வருவோம். உங்க பொண்ணுக்கு 16 வயசு, டீச்சர் ட்ரெய்னிங் கிடையாது, அந்த ஊர் கெமர் மொழி ஒரு வார்த்தை தெரியாது, ஃபார்ம்ல கேட்டது பாஸ்போர்ட் காப்பியும் டி-ஷர்ட் சைஸும் தான், போலீஸ் கிளியரன்ஸ் சர்ட்டிஃபிகேட் கேக்கல, ஸ்கூல்லருந்து ஒரு லெட்டர் கூட கேக்கல. நீங்க இத பாத்து என் பொண்ணு அங்க பத்திரமா இருப்பாளான்னு யோசிக்கிறீங்க, நியாயம். நான் யோசிக்கிறது, இவள எந்த விசாரணையும் இல்லாம பசங்க இருக்கற ரூமுக்குள்ள விடுறவங்க வேற யார வேணா விடுவாங்களே. நம்ம ஸ்கூல்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு வெளிநாட்டு பிளஸ் ஒன் பையன் வந்து யூகேஜிக்கு கிளாஸ் எடுத்துட்டு போட்டோவும் எடுத்துட்டு போனா பிடிஏ மீட்டிங்ல சும்மா இருப்பீங்களா?

அதோட அந்த பசங்க ஆதரவற்றவங்களான்னே முதல்ல பாக்கணும். கம்போடியா அரசாங்கமும் யூனிசெஃப்பும் சேர்ந்து 2011ல வெளியிட்ட ஆய்வுல தெரிஞ்சது, இந்த மாதிரி ஹோம்கள்ல இருக்கற குழந்தைங்கள்ல கிட்டத்தட்ட நாலுல மூணு பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருக்காங்க. வறுமை, ஊர்ல நல்ல ஸ்கூல் இல்ல, ஹோம்ல விட்டா இங்கிலீஷ் கத்துக்குவான், வயிறார சாப்பிடுவான்னு நம்பி விட்டுட்டு போறாங்க. 2005லருந்து 2010க்குள்ள அந்த நாட்டுல ஹோம்களோட எண்ணிக்கை 154லருந்து 269 ஆச்சு, போர் முடிஞ்சு எத்தனையோ வருஷம் கழிச்சு, அனாதை குழந்தைங்க திடீர்னு எங்கருந்து வந்தாங்க? டூரிஸ்ட் வந்தான், டொனேஷன் வந்துச்சு, அவங்களுக்கு காட்ட பசங்க தேவைப்பட்டாங்க. எல்லா ஹோமும் ஃப்ராடுன்னு சொல்ல வரல. ஆனா நாம கட்டுற ஃபீஸ்ல ஓடுற இடத்துக்கு அந்த குழந்தைய வீட்டுக்கு திருப்பி அனுப்பற அவசரம் எப்படி வரும்?

போன உடனே குட்டிப் பசங்க ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்குவாங்கன்னு ப்ரோஷர்ல போட்டிருக்கான் பாருங்க, எனக்கு அத படிச்சதும் கஷ்டமா இருந்துச்சு. முன்ன பின்ன தெரியாத ஆள்கிட்ட அப்படி ஒட்டிக்கறது பல சமயம் பாசம் இல்ல, பாத்துக்கற ஆள் மாறிட்டே இருந்தா வர்ற பழக்கம், ரொமேனியா ஹோம்கள்ல வளர்ந்த குழந்தைங்கள வச்சு இத நிறைய ஆராய்ச்சி பண்ணிருக்காங்க.

சரி நேபாளுக்கு மாத்திக்கலாம்னா, அங்கயும் இதே கதை தான். மலை கிராமத்துலருந்து படிக்க வைக்கறேன்னு புரோக்கர் கூட்டிட்டு வந்து விடுற ஹோம்கள் பெரும்பாலும் காட்மாண்டு, பொக்கரா, சித்வன்னு டூரிஸ்ட் போற பக்கமே இருக்கு. 2015 பூகம்பத்துக்கப்புறம் குழந்தைங்கள அனுமதி இல்லாம மாவட்டத்த விட்டு கூட்டிட்டு போகக்கூடாதுன்னு அரசாங்கமே கட்டுப்பாடு போட வேண்டியதாச்சு. ஆஸ்திரேலியால 2018ல நவீன அடிமைத்தன தடுப்பு சட்டம் போட்டப்போ இப்படி ஹோம நிரப்ப குழந்தைங்கள கடத்துறத பத்தியும் பேசினாங்க.

பொண்ணுக்கு குழந்தைங்களோட வேலை செய்யணும்னு நிஜமாவே ஆசை இருந்தா அது நல்ல விஷயம், அத அமுக்காதீங்க. சைக்காலஜி, ஸ்பெஷல் எஜுகேஷன், ஸ்பீச் தெரபின்னு வழி இருக்கு, இல்லன்னா ஏதாவது ஒரு டிகிரி முடிச்சிட்டு எம்எஸ்டபிள்யூ, அதாவது சோஷியல் வொர்க்ல மாஸ்டர்ஸ், எழும்பூர்ல மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், மும்பைல டாடா இன்ஸ்டிட்யூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ் (டிஸ்), ரெண்டுலயுமே ஃபீல்டு வொர்க் கட்டாயம், மேல ஒரு சூப்பர்வைசர் இருப்பாங்க. வெளிநாடு தான் வேணும்னா 18 வயசு ஆகட்டும், ஐநா வாலண்டியர்ஸ்ல 18லருந்து 26 வரைக்கும் யூத் பிரிவு இருக்கு, அங்க நீங்க பணம் கட்ட வேண்டாம், அவங்க தான் செலவுக்கு அலவன்ஸ் தருவாங்க. இப்போதைக்கு பார்வை இல்லாத ஸ்டூடண்ட்ஸுக்கு பாடம் வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி குடுக்கறது, எக்ஸாம்ல அவங்க சொல்ல சொல்ல எழுதற ஸ்க்ரைபா போறது, இத ஒரு வருஷம் விடாம செய்யட்டும், ஆள் எப்பவும் பத்தாது.

அட்வான்ஸ் கட்டிட்டீங்கன்னா கேன்சலேஷன் ரூல் என்னன்னு இன்னைக்கே மெயில் போடுங்க. டிக்கெட் போட்டாச்சுன்னா குடும்பமா டூரிஸ்டா போங்க, தப்பே இல்ல. கம்போடியாலயே பட்டம்பாங்னு ஒரு ஊர்ல இருக்கற கலைப்பள்ளில படிச்சு வந்த பசங்க சியெம் ரீப்ல ‘ஃபார்’ (Phare)னு ஒரு சர்க்கஸ் நடத்துறாங்க, டிக்கெட் வாங்கி பாருங்க, அந்த காசு அங்க வேலை செய்யறவங்களுக்கு போகும்.

பொண்ணுகிட்ட சேஃப்டி சேஃப்டின்னு ஆரம்பிச்சா சண்டை தான் வரும். அவளையே ப்ரோஷர் குடுத்த கம்பெனிக்கு மெயில் எழுத சொல்லுங்க, இந்த பசங்களோட அப்பா அம்மா எங்க இருக்காங்க, போன வருஷம் எத்தன பேர் வீட்டுக்கு திரும்பி போனாங்க, நான் கிளம்பினப்புறம் கிளாஸ் யார் எடுப்பாங்க, குழந்தை பாதுகாப்பு பாலிசி காப்பி தருவீங்களான்னு. என்ன பதில் வருதோ எனக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க, வராட்டியும் சொல்லுங்க. அடுத்த வாரம் பேசும்போது அவளும் லைன்ல இருக்கட்டும்.