மகளின் கண்ணாடியும் அம்மாவின் மின்னலும்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. போன வருஷம் மைனஸ் 1.5 இருந்த பவர் இப்போது 2.25 ஆகிவிட்டது. எனக்கு மைனஸ் 8. பழக்கவழக்கத்தை மாற்றியே கிட்டப்பார்வையைச் சரிசெய்யலாம் என்று வீடியோவில் பார்த்தேன். மூன்று வாரமாக வீட்டில் அவள் கண்ணாடி போடுவதில்லை. கண்ணைச் சுழற்றுவது, உள்ளங்கையால் மூடுவது, காலையில் சூரியனைப் பார்ப்பது எல்லாம் செய்கிறாள். நந்தியாவட்டைப் பூச்சாறு விடலாமா? பொன்னாங்கண்ணி, கேரட் எவ்வளவு கொடுக்கலாம்? நீலவெளிச்சம் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா? பவர் ஏறாமல் தடுக்கும் சொட்டு மருந்து கடையில் கிடைக்குமா? எங்கள் ஐயாவும் தடித்த கண்ணாடிதான் போட்டிருந்தார். ஐம்பது வயதில் அவருக்கு ஒரு கண் போய்விட்டது. இதையெல்லாம் தேடிப் பார்த்துப் பார்த்து எனக்கும் தூக்கம் இல்லை. பத்து நாளாக இருட்டில் இடது கண் ஓரத்தில் மின்னல் அடிக்கிற மாதிரி இருக்கிறது. பயிற்சியை எப்படி ஆரம்பிப்பது?

– தேவகோட்டையிலிருந்து ஒரு தாய்

பதில்: ஆச்சி, உங்கள் கடிதம் கையில் கிடைத்த அன்றே தொலைபேசியில் கூப்பிட்டு, மகளின் பயிற்சி இருக்கட்டும், நீங்கள் முதலில் மதுரைக்குக் கிளம்புங்கள் என்று சொன்னேன். அடுத்த நாள் காலையில் போனீர்கள். இடது கண்ணின் விழித்திரை ஓரத்தில் ஒரு கிழிசல் இருந்தது. அதைச் சுற்றி லேசர் போட்டு அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உங்கள் அனுமதியோடு இதை எழுதுகிறேன். உங்களைப் போல் தடித்த கண்ணாடி போட்டவர்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களும் அந்த மின்னலைத் தூக்கக் குறைவு என்றுதான் நினைப்பார்கள்.

கிட்டப்பார்வை என்பது கண்கோளம் முன்னும் பின்னுமாக நீண்டுபோவது. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 23, 24 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறத்தாழ இரண்டரை பவர் ஏறும். மைனஸ் 8 என்றால் எவ்வளவு நீண்டிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் விழித்திரை அந்த நீளத்துக்கு இழுபட்டு ஓரங்களில் மெலிந்துபோகிறது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ் போன்ற திரவம் வயது ஆக ஆகச் சுருங்கும். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு அது மற்றவர்களைவிடச் சீக்கிரமே நடக்கும். சுருங்கும்போது விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்புதான் மின்னலாகத் தெரிகிறது. இழுத்த இடம் கிழிந்தால், கிழிசல் வழியே திரவம் புகுந்து விழித்திரையையே பின்சுவரிலிருந்து பிரித்துவிடும்.

இதில் வலி கிடையாது. கண் சிவக்காது, நீர் வடியாது. அதனால்தான் ஆட்கள் பத்து நாள், இருபது நாள் சும்மா இருந்துவிடுகிறார்கள். கண்ணில் தூசி விழுந்தால் அரைமணி நேரத்தில் மருத்துவரிடம் ஓடி வருபவர்கள், பார்வையையே பறிக்கக்கூடிய இதற்கு, வலிக்கவில்லையே என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் வேலையில் எனக்கு ஆற்றாமை தருவது இது ஒன்றுதான்.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஒரு கண்ணின் ஓரத்தில், முக்கியமாக இருட்டில், மின்னல் வெட்டுவது. கரித்தூள் தூவியது மாதிரி திடீரென்று நிறையக் கரும்புள்ளிகள் பறப்பது. ஒரு பக்கத்திலிருந்து திரையோ நிழலோ இறங்கி வருவது. இதில் எது வந்தாலும் அன்றே, இல்லையென்றால் மறுநாள் காலையிலாவது போயாக வேண்டும். திரை இறங்க ஆரம்பித்துவிட்டால் மறுநாள்கூடத் தாமதம்தான். விழித்திரையின் நடுப்பகுதி பிரிவதற்குள் அறுவை செய்தால் நல்ல பார்வை மிஞ்சும். அது பிரிந்துவிட்டால் அறுவை செய்தும் முழுசாகத் திரும்பாது. கிழிசலாக இருக்கும்போதே பிடித்துவிட்டால், உங்களுக்குப் போட்டதுபோல, லேசரோடு போய்விடும். வருஷக்கணக்காக ஒன்றிரண்டு கொசு பறப்பது போலத் தெரிகிறது என்றால் அதற்கு ஓட வேண்டாம். புதிதாக, திடீரென்று, நிறைய வந்தால்தான் பயம். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்தே பார்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும்.

கண்ணாடிக்கடையில் பவர் பார்ப்பது இதற்கு உதவாது. சொட்டு விட்டுக் கண்மணியை விரித்து, விழித்திரையின் ஓரம்வரை பார்க்க வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பார்க்கலாம், அரவிந்த் கண் மருத்துவமனையிலும் பார்க்கலாம். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம். துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். சொட்டு விட்டபின் சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது. லேசிக் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களுக்கும் இதையே சொல்கிறேன். லேசிக் கருவிழியின் மேற்பரப்பைத்தான் மாற்றுகிறது. கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது, அதனால் ஆபத்தும் அப்படியே இருக்கிறது.

உங்கள் ஐயாவுக்கு என்ன நடந்தது என்று இப்போது பார்க்க முடியாது. ஆனால் தடித்த கண்ணாடி, ஐம்பது வயது, ஒரு கண் மட்டும் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். நீங்கள் எழுதிய கேள்விகளுக்கெல்லாம் அடியில் இருப்பதும் இந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன்: மகளும் ஐயாவைப் போல் ஆகிவிடுவாளோ? மைனஸ் 2.25 வைத்திருக்கும் பிள்ளை கண்ணாடி போட்டால் எல்லாரையும் போல் பார்ப்பாள். அவளுக்குப் பார்வை போகும் நோய் எதுவும் வந்துவிடவில்லை. நம் வேலை, அந்த எண் மைனஸ் 6-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும், அதற்கு மேலே போனால் மிகவும் கூடிவிடும். 11 வயது என்பதால் இன்னும் நமக்கு நேரம் இருக்கிறது.

சரி, இன்றைக்கே கண்ணாடியை எடுத்து அவள் கையில் கொடுங்கள். தூரத்தில் பார்ப்பதற்கு, பள்ளிக்கூடத்துக்கு, சைக்கிளுக்கு எல்லாவற்றுக்கும் முழுப் பவரில் போடட்டும். கண்ணாடி போட்டால் பவர் ஏறும், குறைத்துப் போட்டால் ஏறாது என்பது பழைய நம்பிக்கை. 2002-இல் வெளியான ஒரு மலேசிய ஆய்வில் வேண்டுமென்றே பவரைக் குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக ஏறியது.

கண்ணைச் சுழற்றுவது, உள்ளங்கையால் மூடுவது, சூரியனைப் பார்ப்பது எல்லாம் நூறு வருஷத்துக்கு முன்பே வில்லியம் பேட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் பரப்பியவை. கண்ணின் வெளித்தசைகள்தான் பவரை உண்டாக்குகின்றன என்று அவர் நம்பினார். அது தவறு. நீண்டுபோன கண்கோளத்தை எந்தச் சுழற்சியும் சுருக்காது. உள்ளங்கையால் மூடினால் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், கெடுதல் இல்லை. ஆனால் சூரியனைப் பார்ப்பதை இந்த நிமிஷமே நிறுத்துங்கள். விழித்திரையின் நடுப்புள்ளி பொசுங்கிவிடும், அதைச் சரிசெய்ய மருந்து இல்லை. எழுத்தின் நடுவில் ஏதாவது மறைக்கிறதா, கோடு வளைந்து தெரிகிறதா என்று ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லிக் கேளுங்கள். ஆமாம் என்றால் உடனே காட்டுங்கள். பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பயிற்சி செய்து பவர் இறங்கியது என்று சிலர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. நாள் முழுக்கக் கிட்டத்திலேயே பார்க்கும் பிள்ளைகளுக்குக் கண்ணுக்குள் இருக்கும் குவியத் தசை இறுகி நிற்கும். அப்போது கம்ப்யூட்டரில் பவர் பார்த்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஓய்வு கொடுத்தால் அந்தக் கூடுதல் மட்டும் இறங்கும், உண்மையான பவர் இறங்காது. உங்கள் மகளின் 2.25 எப்படிப் பார்த்தது என்று நீங்கள் எழுதவில்லை. கடையில் கொடுத்த சீட்டு என்றால் அதை நம்பிப் பயப்பட வேண்டாம். சொட்டு விட்டுத் தசையைத் தளர்த்தி ஒருமுறை பாருங்கள். முடிந்தால் கண்ணின் நீளத்தையும் அளந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆரம்பம் என்று கேட்டீர்களே, அது இதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே மாதிரி பார்த்து அந்தத் தாளோடு ஒப்பிட வேண்டும்.

பழக்கவழக்கம் பவரை இறக்காது. ஆனால் வளரும் வயதில், ஏறும் வேகத்தை ஓரளவு குறைக்கும், வராத பிள்ளைக்கு வருவதைத் தள்ளிப்போடும். இதில் நிரூபணம் உள்ளது வெளியே பகல் வெளிச்சத்தில் இருப்பதற்குத்தான். சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது, விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம், விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். 2015-இல் வந்த முடிவு இது. தைவானில் 2010 முதலே ஒரு நாளைக்கு 120 நிமிஷம் வெளியே என்று பள்ளிகளுக்குச் சொல்லிவருகிறார்கள். வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரந்து கண் நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பது இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

எவ்வளவு வெளிச்சம் என்பதுதான் விஷயம். அதை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். டியூப்லைட் போட்ட அறையில் 300 லக்ஸ் இருந்தால் அதிகம். மரத்தடி நிழலிலேயே பல ஆயிரம் இருக்கும், வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பட்டாலைக் கூடம் நடுப்பகலிலும் அரையிருட்டுதான். குளுகுளுவென்று இருக்கிறது என்று பிள்ளைகள் அங்கேயே போனோடு படுத்துக்கிடக்கிறார்கள். படிப்பதாக இருந்தால் வளவுக்கு வந்து முற்றத்தை ஒட்டி உட்காரட்டும், வெளிச்சம் நல்லது. ஆனால் அதை வெளியே இருந்த நேரத்தில் சேர்க்காதீர்கள். தலைக்கு மேல் வானம் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் யாரும் பிள்ளையை வெளியே விட மாட்டார்கள், விடவும் வேண்டாம். காலை ஏழிலிருந்து எட்டரை, சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு. நடந்து பள்ளிக்குப் போவது, ஊருணிக்கரையில் விளையாடுவது, தொப்பி போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பது எல்லாம் கணக்குதான். விளையாட்டு முக்கியமில்லை, வெளிச்சம்தான் முக்கியம்.

பள்ளி விட்டு நேராக ட்யூஷன், எட்டரைக்கு வீடு, அப்புறம் ஹோம்வொர்க், அதற்கப்புறம் போன் என்று ஓடும் பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். ஒரு ட்யூஷனைக் குறைக்க வேண்டியிருந்தால் குறையுங்கள். அப்பச்சி சம்மதிக்க மாட்டார் என்றால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். நாளைக்கே இரண்டு மணி நேரம் முடியாவிட்டால் இந்த வாரம் சாயங்காலம் அரைமணி என்று ஆரம்பிக்கலாம். அடுத்த வாரம் காலையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கிட்டத்தில் பார்க்கும்போது தூரம் வேண்டும். புத்தகத்தின் மேல் முழங்கையை ஊன்றி, மடக்கிய விரல்களைக் கன்னத்தில் வைத்தால் வரும் தூரத்துக்குக் குறையக் கூடாது. படுத்துக்கொண்டு போன் பார்க்கும்போது இது அரையடி ஆகிவிடுகிறது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து மொட்டைமாடிக்குப் போய்த் தூரத்துக் கோபுரத்தையோ பனைமரத்தையோ கொஞ்ச நேரம் பார்க்கட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இருபது விநாடி என்று பரவலாகச் சொல்கிறார்களே, அது கண் அயர்ச்சிக்கு நல்லது. பவருக்கு அதை நம்ப வேண்டாம்.

மற்றவை. பொன்னாங்கண்ணியும் கேரட்டும் நல்ல சாப்பாடு, கொடுங்கள். அவை வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு உதவும், கண்ணின் நீளத்துக்கு அல்ல. நீலவெளிச்சக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். நந்தியாவட்டை, தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடக் கூடாது. கருவிழியில் புண் பிடித்து, அது ஆறித் தழும்பாகி வெள்ளை விழுந்த கண்களை நான் பார்த்திருக்கிறேன். மைனஸ் 2.25 அப்படி ஒரு கண்ணோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சொட்டு மருந்து விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். குறைந்த அளவு அட்ரோபின், 0.01 முதல் 0.05 சதவீதம் வரை, இரவில் ஒரு சொட்டு. சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் நடந்த ஆய்வுகளால் பரவலானது. வருஷத்துக்கு அரை பவருக்கு மேல் ஏறும் பிள்ளைக்கு நாங்கள் அதை யோசிப்போம். உங்கள் மகளின் முக்கால் பவர் ஏற்றம் உண்மையானதுதான் என்று தெரிந்தால், மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம். இதற்கென்றே தயாரிக்கும் கண்ணாடிச் சில்லுகளும் இருக்கின்றன, விலை கூடுதல். ஆனால் மருந்துக்கடையில் போய் அட்ரோபின் கொடு என்று மட்டும் கேட்காதீர்கள். அதே பெயரில் 1 சதவீத மருந்தும் இருக்கிறது, 0.01-ஐவிட நூறு மடங்கு. கண்மணி விரிந்து ஒரு வாரத்துக்கும் மேல் வெளிச்சத்தில் நிற்க முடியாது, புத்தகம் படிக்க முடியாது. சிறுபிள்ளைகளுக்கு முகம் சிவந்து காய்ச்சல், பிதற்றல்வரை போகும்.

போனில் பேசும்போது மகனுக்கு ஆறு வயது, அவனுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்றீர்கள். அம்மாவுக்கும் அக்காவுக்கும் இருப்பதால் அவனுக்கும் வர வாய்ப்பு அதிகம். வெளியே இருப்பதன் பலன் முழுசாகக் கிடைக்கப்போவது, இன்னும் பவர் வராத அவனுக்குத்தான். சாயங்காலம் அக்காவோடு அவனையும் ஊருணிக்கு அனுப்புங்கள். அக்காவுக்குச் சொட்டு விட்டுப் பார்க்கும் அன்று அவனுக்கும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். உங்கள் லேசர் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வரச் சொன்ன தேதியை விட்டுவிடாதீர்கள். வலது கண்ணும் அதே மைனஸ் 8-தான். அதிலும் மின்னல் வந்தால், தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே பஸ் ஏறுங்கள்.